பலகையை அடியிலிருந்து படியுங்கள்

முப்பத்து நான்கு வருடம் மலேசியாவில், சுங்கை சிப்புட் என்ற ஊரில் தபால் கொடுத்தவன் நான். ஒரு கடிதம் கைக்கு வந்தால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தபால்காரனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் யார் அனுப்பியது, எந்த ஊர், என்ன தேதி முத்திரை, யார் பேருக்கு என்பதெல்லாம் உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஊர் ஊராக நட்டு வைத்திருக்கிற வரலாற்றுப் பலகைகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்பது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அமெரிக்காவில், கையுறை மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

என் மகள் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் படிக்கிறாள். ஊரே பல்கலைக்கழகம், பல்கலைக்கழகமே ஊர். ஏப்ரலில் போய் இறங்கினோம். நம் ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம், அங்கே காலையில் புல் மேல் உறைபனி. மகள் எட்டு மணிக்கு லேபுக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவாள். வீட்டுக்காரி டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ நடந்து பழகிய கால். "அப்பா, சும்மா சுத்தாதீங்க, பலகை பலகையா பாத்துட்டு வாங்க" என்று மகள் ஒரு வரைபடத்தைக் கையில் திணித்தாள்.

நம் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது எங்கெங்கோ படிக்கிறார்கள். பட்டமளிப்புக்கென்று போய், பகலெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற அப்பா அம்மாக்களுக்குத்தான் முதலில் இதை எழுதுகிறேன். விமானம் ஏறாதவர்களும் படிக்கலாம். பாதிக்கு மேல் நம் ஊரிலேயே செய்கிற வேலைதான்.

கையில் என்ன வேண்டும்? பென்சில், சின்ன நோட்டு, டார்ச் லைட். பேனா வேண்டாம். குளிரில் மை கெட்டியாகி எழுதாது. முதல் நாளே எனக்கு அது நடந்தது. பகலில் டார்ச் எதற்கு என்று கேட்பீர்கள், பின்னால் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு பலகை போதும். முதல் நாள் ஆசைப்பட்டு பதினேழு பார்த்தேன், ராத்திரி படுக்கும்போது ஒன்றுகூட நினைவில் இல்லை.

அடிவரிதான் முத்திரை

மிச்சிகன் மாநிலம் 1955-லிருந்து இந்தப் பலகைகளை வைத்து வருகிறது. கரும்பச்சை நிறம், பொன் நிற எழுத்து. தலைப்பு பெரிதாக இருக்கும், கண் தானாக அங்கேதான் போகும். கண்ணைப் பிடித்து இழுத்து அடிக்குக் கொண்டு வாருங்கள். கடைசி வரியில், கொசு அளவு எழுத்தில், யார் பதிவு செய்தது, பதிவு எண் என்ன, எந்த ஆண்டு என்று இருக்கும். அதை நோட்டில் எழுதிய பிறகு மேலே போங்கள்.

சம்பவம் நடந்த ஆண்டு ஒன்று, பலகை வைத்த ஆண்டு இன்னொன்று. இரண்டையும் கழித்துப் பாருங்கள். நான் இதற்கு 'தாமதக் கணக்கு' என்று பேர் வைத்திருக்கிறேன். தபால்காரன் புத்தி வேறெப்படிப் போகும்? ஜனவரி முத்திரை குத்திய கடிதம் ஜூனில் வந்தால், நடுவில் அது எங்கே கிடந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

ஒரு கணக்கு சொல்கிறேன். 1817-ல் ஒடாவா, ஓஜிப்வே, பொடாவாடமி என்ற மூன்று பூர்வகுடி மக்கள், தங்கள் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று ஓர் ஒப்பந்தத்தில் நிலம் எழுதிக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் அப்போது டெட்ராய்ட்டில் இருந்தது. 1837-ல்தான் ஆன் ஆர்பருக்கு மாறியது. அந்த நிலத்தை விற்ற பணம் பல்கலைக்கழகத்துக்குப் போனது. இதைச் சொல்லும் தகடு வளாகத்தில் இருக்கிறது. வைத்த ஆண்டு 2002. கழித்தால் 185 வருடம். ஊரைத் தொடங்கிய ஜான் ஆலன், எலைஷா ரம்சி என்ற இரண்டு பேரின் கதை மட்டும் எங்கே திரும்பினாலும் காதில் விழுகிறது. 1824-ல் வந்தார்களாம், இருவர் மனைவியர் பேரும் ஆன் என்பதால் ஊருக்கு அந்தப் பேராம். எந்தக் கடிதம் சீக்கிரம் வந்தது, எது வழியில் கிடந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிவரி முடிந்ததும் பலகையைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். பல பலகைகளில் பின்பக்கம் வேறு வாசகம் இருக்கும். முன்னால் படித்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். நானும் முதல் மூன்று நாள் அப்படித்தான் நகர்ந்தேன்.

பேரை நம்பாதீர்கள்

டெட்ராய்ட் வானாய்வகம் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு, அது டெட்ராய்ட்டில் இருக்கிறது, பஸ் பிடித்துப் போக வேண்டும் என்று விட்டுவிட்டேன். மகள் சிரித்தாள். அது அவள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. 1854-ல் கட்டியது. டெட்ராய்ட் பணக்காரர்கள் காசு கொடுத்ததால் அந்தப் பேர். ஆக, பேரில் இருப்பது இடம் இல்லை, பணம்.

டிவிஷன் தெருவில் கெம்ஃப் வீடு என்று ஒன்று இருக்கிறது. மர வீடுதான், முகப்பு மட்டும் கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வைத்தது. கட்டியவர் கெம்ஃப் இல்லை. 1853-ல் ஹென்றி பென்னட் என்பவர் கட்டினார். 1890-ல் கெம்ஃப் தம்பதி வந்து பாட்டும் பியானோவும் சொல்லிக் கொடுத்தார்கள், வீட்டுக்கு அவர்கள் பேரே நின்றுவிட்டது. இது எனக்குப் புதிதில்லை. தபால் கொடுத்த காலத்தில் உறையில் ஒரு பேர் இருக்கும், தெருவில் வேறு பேர் சொன்னால்தான் வீடு தெரியும். கடையை விற்றுவிட்டுப் போய் முப்பது வருடம் ஆனவர் பேரில்தான் இன்னும் அந்த முனையைச் சொல்கிறோம்.

அதனால் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தவர் என்றால் ப, கட்டியவர் என்றால் க, குடியிருந்தவர் என்றால் கு. இரண்டு வாரம் முடிந்து என் நோட்டைப் புரட்டினேன். ப நிறைய, கு கொஞ்சம். சுவரில் செங்கல் வைத்தவனுக்கு எழுத்தே தேவைப்படவில்லை.

குனிந்தும் பாருங்கள்

வளாகத்தின் நடுச் சதுக்கத்தில் தரையில் ஒரு பித்தளை 'எம்' எழுத்து பதித்திருக்கிறது. 1953-ல் படிப்பு முடித்தவர்கள் கொடுத்தது. முதல் பரீட்சைக்கு முன்னால் அதை மிதித்தால் ஃபெயில் என்று புது மாணவர்கள் சுற்றிப் போகிறார்கள். வீட்டுக்காரியும் சுற்றித்தான் போனாள். "உனக்கு என்ன பரீட்சை?" என்றேன். "எதுக்கு வம்பு" என்றாள்.

ஹில் தெருவும் வாஷ்டினா சாலையும் சேர்கிற முனையில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் இருநூறாவது பிறந்த நாளுக்காக 1932-ல் கொண்டு வந்து வைத்து, தகடும் பதித்தார்கள். பிறகு மாணவர்கள் அதில் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் பிறந்த நாள் வாழ்த்து, நாளைக்கு விளையாட்டு அணி, மறுநாள் யாரோ யாருக்கோ சொல்லும் காதல். பெயின்ட் மேல் பெயின்ட். தகடு எங்கோ உள்ளே இருக்கிறது. நான் போன அன்று மேல் பூச்சு ஊதா, இன்னும் ஈரமாக இருந்து கையில் ஒட்டிக்கொண்டது.

இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றில் தூணில் ஒரு கல்வெட்டு இருந்தது. ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தவர்கள் பேர் வரிசையாக. என் ஆத்தா பேரும் அதில் உண்டு, கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு திருப்பணிக்கும் எனாமல் பெயின்ட் அடித்து அடித்து, இப்போது தூண் வழவழவென்று இருக்கிறது.

டார்ச் இங்கேதான் வேண்டும். தேய்ந்த எழுத்து, பெயின்டில் மூழ்கிய எழுத்து எதுவானாலும் நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு போய், டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும். எழுத்து எழுந்து நிற்கும். சுண்ணாம்பு, மாவு, சாக்கட்டி என்று எதையும் தேய்க்காதீர்கள். கம்பி பிரஷ் கூடவே கூடாது. கல் தாங்காது. அந்தத் தூணில் இப்படிப் பிடித்துப் பார்த்ததில் ஏழு பேர் கிடைத்தார்கள். ஆத்தா பேர் இன்னும் கிடைக்கவில்லை.

ஒரு படிக்கட்டு

மற்ற இடங்களை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். 1886-ல் கட்டிய கல் ரயில் நிலையம் இப்போது சாப்பாட்டுக் கடை. நம் பக்கம் இரட்டைத் தண்டவாளம் போட்டபோது பழைய நிலையங்கள் பல காணாமல் போனதை நினைத்தால், சாப்பாட்டுக் கடையாகவாவது இருக்கட்டும் என்று தோன்றும். ரேக்கம் கட்டடத்தில்தான் 1955 ஏப்ரல் 12-ஆம் தேதி போலியோ தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவித்தார்கள். அந்தச் சோதனையில் சேர்ந்த பிள்ளைகள் 1.8 மில்லியன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், என் வயதுப் பையன் ஒருவன் காலை இழுத்து இழுத்துத்தான் பந்து விளையாடுவான். அந்தக் கட்டடத்து வாசலில் அவன் நினைவு வந்தது.

ஆனால் மிச்சிகன் யூனியன் என்ற மாணவர் மன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1960 அக்டோபர் 14, விடியற்காலை இரண்டு மணி. அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த கென்னடி களைத்துப் போய்த் தூங்க வருகிறார். ஆயிரக்கணக்கில் மாணவர்கள் காத்திருக்கிறார்கள். படியில் நின்றபடியே பேசுகிறார். டாக்டராகப் போகிற உங்களில் எத்தனை பேர் கானா நாட்டுக்குப் போய் வேலை செய்யத் தயார் என்று கேட்கிறார். சில நிமிடப் பேச்சுதான். அடுத்த வருடம் 1961 மார்ச் 1-இல், அமெரிக்கர்களை வெளிநாடுகளுக்குத் தொண்டு செய்ய அனுப்புகிற பீஸ் கோர் பிறந்தது. அவர் நின்ற படியில் வட்டமான வெண்கலத் தகடு பதித்திருக்கிறார்கள்.

அந்த பீஸ் கோர் 1962-ல் மலாயாவுக்கு வந்தது. 1983 வரை இருந்தது. நாலாயிரம் பேருக்கு மேல் இங்கே வந்து போனார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு இரண்டாம் படிவத்தில் சயின்ஸ் எடுத்தார். ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம். பழைய சைக்கிளில் வருவார், மலாய் பேசினால் மூக்கால் பேசுவார், எங்கள் தோட்டத்துத் தீமிதிக்கு வந்து வேட்டி கட்டத் தெரியாமல் பெல்ட் போட்டு நின்றார். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகாமல் இருந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

தகட்டில் கென்னடி பேர் இருக்கிறது. கேட்டவர் பேர் இருக்கிறது, சரி, கிளம்பிப் போனவர் பேர்? நோட்டை எடுத்து, சுங்கை சிப்புட்டுக்கு ஒருவர் வந்தார் என்று பென்சிலில் எழுதினேன். பேரும் எழுதினேன், அது நோட்டோடு இருக்கட்டும்.

நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் உங்கள் வாழ்க்கையோடு முடிச்சுப் போடுகிற ஒரு பலகை இருக்கும். மற்றதை விட்டாலும் அதன் முன்னால் உட்காருங்கள். ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோவது நல்லது.

ஊருக்கு வந்தபின்

திரும்பி வந்ததும் எனக்கு ஒரு குறை. நம் ஊரில் பச்சைப் பலகை ஏது? ஒரு மாதம் கழித்துத்தான் நான் தேடியதே தப்பு என்று தெரிந்தது. நம் பலகைகள் வேறு உருவத்தில் இருக்கின்றன. பள்ளிக்கூட அடிக்கல், கோயில் மணி, மயானத்துச் சிலுவை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரை, செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) நடுவில் தனியாக நிற்கிற ஒரு மாமரம். மாமரம் இருந்தால் அங்கே லயம் இருந்தது என்று அர்த்தம். செம்பனைக் காட்டில் மாமரம் தானாக முளைத்து வரிசையில் நிற்காது.

எங்கே தொடங்குவது என்றால், எழுதி வைத்த இடத்தில் தொடங்குங்கள். கோலகங்சாரில் அந்தப் பழைய ரப்பர் மரம் இருக்கிறது. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்தன, அந்தத் தலைமுறை மரம். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததற்குக் காரணமே இந்த மரம்தான். பலகையைப் படித்துவிட்டு ப, க, கு எழுத்தைப் போட்டுப் பாருங்கள். பால் வெட்டியவனுக்கு நான் தனியாக ஓர் எழுத்து சேர்க்க வேண்டியதாயிற்று.

அப்புறம் சுங்கை சிப்புட்டிலேயே மகாத்மா காந்தி கலாசாலை. நம் தலைவர் துன் சம்பந்தன் நிலம் கொடுத்து, 1954-ல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்த தமிழ்ப்பள்ளி. சம்பந்தன் இந்த ஊரில் பிறந்தது 1919 ஜூன் 16. அதே ஜூன் 16, 1948-ல் எல்பில் தோட்டத்தில் வாக்கர் என்ற வெள்ளைக்காரத் துரையையும், இன்னொரு தோட்டத்தில் அலிசன், கிறிஸ்டியன் என்ற இரண்டு துரைமாரையும் கம்யூனிஸ்ட் போராளிகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம், 1960 வரை நீடித்தது. ஒரே தேதி, இரண்டு கதை. நோட்டில் ஆண்டை மட்டும் எழுதாமல் தேதியையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். சுட்டுக் கொன்றது இங்கே, கல்லறை பத்து காஜா என்ற வேறொரு ஊரில். நினைவுச் சின்னம் எப்போதும் சம்பவ இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

எழுதாததைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெரியவர்களிடம் போய் எந்த வருடம் என்று கேட்காதீர்கள். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு ஏதாவது ஒரு வருடத்தைச் சொல்லிவிடுவார்கள். பாட்டி, முள்வேலி போட்டதுக்கு முன்னயா பின்னயா, தோட்டத்தைத் துண்டு போட்டு வித்ததுக்கு முன்னயா பின்னயா, உங்க மூத்த மகன் கல்யாணத்துக்கு முன்னயா பின்னயா என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வந்தால் மூன்று நான்கு வருடத்துக்குள் வந்து நிற்கும். இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் சண்டை வரும். வரட்டும், சண்டையில்தான் பேர்கள் வந்து விழும். வெறுங்கையோடு போகாமல் கொஞ்சம் வெற்றிலையோ பிஸ்கட்டோ வாங்கிப் போங்கள். பழைய போட்டோ ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

போட்டோ என்றதும் நினைவு வருகிறது. ஆன் ஆர்பர் நகர நடுவில் பழைய படங்களைக் கண்ணாடியில் பதித்து நடைபாதையிலேயே நட்டிருக்கிறார்கள். அந்தப் படம் எங்கிருந்து எடுத்ததோ அங்கேயே. கண்ணாடி வழியாகப் பார்த்தால் பழைய தெருவும் இன்றைய தெருவும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். நமக்குக் கண்ணாடி வேண்டாம். யார் வீட்டு ஆல்பத்திலாவது பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்தில், எடுத்த படம் கிடைத்தால் ஃபோனில் பிடித்துக்கொண்டு, படம் எடுத்தவர் நின்ற இடத்தைத் தேடி நடங்கள். பின்னால் தெரிகிற மலை மாறாது, அதை வைத்து இடம் பிடிக்கலாம். தோட்டத்துக்குள் போவதானால் முதலில் காவல் சாவடியில் சொல்லுங்கள். நான் பழைய தபால்காரன் என்பதால் விட்டார்கள், மற்றவர்கள் ஆபீசில் கேட்டுக்கொண்டு போவது மரியாதை.

கிடைத்ததை எழுதும்போது கல்லில் இருக்கிற எழுத்துப் பிழையையும் அப்படியே எழுதுங்கள். 'உபையம்' என்று வெட்டியிருந்தால் உபையம்தான். திருத்த நமக்கு உரிமை இல்லை.

எங்கள் பழைய தோட்டத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. விடியற்காலை பெரட்டுக்கு அதை அடித்துத்தான் எழுப்புவார்கள். தண்டவாளத்தின் இடுப்பில் செய்த கம்பெனியும் ஆண்டும் புடைப்பாக இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. டார்ச் பிடித்துப் பார்த்தேன். ஆண்டில் 19 மட்டும் நிற்கிறது, மீதி இரண்டு இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது. தெரிந்தவரை ஓர் அட்டையில் எழுதி, அடியில் என் பேரும் தேதியும் போட்டு, லேமினேட் செய்து மரத்தில் கட்டினேன். ஆணி அடிக்கவில்லை. பின்பக்கத்தைக் காலியாக விட்டு, எழுதுவதற்கென்று ஒரு வெள்ளை ஸ்டிக்கரும் ஒட்டி வைத்தேன்.

போன வாரம் போய்த் திருப்பிப் பார்த்தேன். யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்கள்: "இதை அடித்தது என் தாத்தா." பேரும் போடவில்லை, தேதியும் போடவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறது. தோட்டத்தில் மிச்சம் இருப்பது பதினோரு வீடு. தபால் கொடுத்த வீடுகள்தான், ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.